அழைப்புக்கு வெளியே நின்றவர்: இந்திய அரசு ஒப்பந்தப்புள்ளி விதிகளின் வரலாற்றில் ஓர் இடைவெளி (1935 – 2021)

ஆய்வுச்சுருக்கம்

அரசுப் பணிகளையும் கொள்முதல்களையும் ஒப்பந்தப்புள்ளி வழியே வழங்குவதற்கான விதிகள் இந்தியாவில் 1935 முதல் 2021 வரை எவ்வாறு மாறிவந்தன என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள், சந்தானம் குழு அறிக்கை, 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், மத்தியக் கண்காணிப்பு ஆணையத்தின் சுற்றறிக்கைகள் ஆகியவற்றின் துணைகொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. உறை திறக்கப்பட்ட பின் அதிகாரிக்கு இருந்த விருப்புரிமை படிப்படியாகக் குறைக்கப்பட்டபோது, அது தகுதி நிபந்தனைகளை வகுக்கும் கட்டத்திற்கு இடம்பெயர்ந்தது. அந்நிபந்தனைகளால் விலக்கப்பட்டவருக்கு 1979இல் திறந்த கதவோ பின்னர் ஒடுங்கியது என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: ஒப்பந்தப்புள்ளி, அரசுக் கொள்முதல், விருப்புரிமை, தகுதி நிபந்தனை, சமத்துவ உரிமை, நீதிமுறை மறுஆய்வு.

முன்னுரை

ஏலம் காதால் நடப்பது. குளத்து மீன்பாசியோ புளியமர மகசூலோ, கேட்பவர் அனைவரும் ஓரிடத்தில் கூடி நிற்கின்றனர். ஒருவர் சொன்ன தொகை மற்றவர் காதில் விழுந்த பின்னரே அடுத்த தொகை பிறக்கிறது. ஏலம் விடுபவர் ஒரு தொகையைக் கேளாதது போல் நடிக்க முயன்றால் கூட்டம் அதைப் பொறுக்காது. ஒப்பந்தப்புள்ளி இதற்கு நேர்மாறானது. ‘புள்ளி’ என்னும் சொல்லுக்குக் கணக்கு, மதிப்பு என்ற பொருள்கள் உண்டு. ஒவ்வொருவரும் தம் கணக்கைத் தனியே எழுதி, உறையிலிட்டு, ஒட்டித் தருகின்றனர். எவர் எவ்வளவு எழுதினார் என்பது எவருக்கும் தெரியாது. ஏலத்தில் கூட்டம் செய்த காவலை இங்கே விதிதான் செய்ய வேண்டியிருக்கிறது. எத்தனை நாள் அவகாசம், எவர் முன்னிலையில் உறை திறப்பது, எவரைத் தேர்வது, தேர்ந்தபின் விலை பேசலாமா என்ற கேள்விகள் அனைத்தும் எழுத்தில் விடை பெற்றாக வேண்டும்.

இந்த விதிகளின் வரலாற்றை ஊழல் ஒழிப்பின் வரலாறாகச் சொல்வது வழக்கம். அது தவறன்று, ஆயினும் போதாது. விதிகள் யாரைப் பாதுகாக்க எழுதப்பட்டன என்ற கேள்வியை முன்வைத்தால் வேறொரு கோடு புலப்படும். தொடக்கத்தில் அவை கருவூலத்தைப் பாதுகாத்தன. பின்னர் போட்டியிட்டவரைப் பாதுகாத்தன. போட்டியிடவே இயலாமல் வெளியே நின்றவரைப் பற்றி அவை எப்போதாவதுதான் பேசின.

கையொப்பத்தின் காலம்

1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின் 175ஆம் பிரிவு, மூன்றாம் உட்பிரிவு, அரசின் ஒப்பந்தங்கள் கவர்னர் ஜெனரல் அல்லது ஆளுநரின் பெயரால் செய்யப்பட்டதாக வெளிப்படுத்தப்பட்டு, அதிகாரம் பெற்றவரால் நிறைவேற்றப்பட வேண்டும் என்று விதித்தது. அரசமைப்பின் 299ஆம் உறுப்பு இதே ஏற்பாட்டைக் குடியரசுத் தலைவர், ஆளுநர் ஆகியோரின் பெயர்களில் தொடர்கிறது. அதிகாரமற்ற ஓர் அலுவலரின் கையெழுத்தால் கருவூலம் கட்டுப்பட்டுவிடக் கூடாது என்பதே இதன் கவலை.

அந்தக் கவலையின் விலையை வணிகர்கள் கொடுத்தனர். 1943ஆம் ஆண்டின் உணவுத் தட்டுப்பாட்டில் கிழக்கிந்திய இரயில்வே தன் ஊழியர்களுக்காகத் தானியம் வாங்கியது. தினாப்பூர் கோட்டக் கண்காணிப்பாளர் கொள்முதல் ஆணைகளை வழங்கினார். அவ்வாணைகள் கவர்னர் ஜெனரல் பெயரில் எழுதப்படாததால் செல்லத்தக்க ஒப்பந்தமே தோன்றவில்லை என்று பிக்ராஜ் ஜெய்புரியா வழக்கில் 1961இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் பி. கே. மண்டல் வழக்கில், முறையான ஒப்பந்தம் இல்லாவிடினும் அரசு பயனை ஏற்றுக்கொண்டிருந்தால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி ஈடு தர வேண்டும் என்று கூறி நீதிமன்றம் கடுமையைச் சற்றுத் தளர்த்தியது. இரு வழக்குகளிலும் கேள்வி ஒன்றுதான்: அரசு கட்டுப்பட்டதா, இல்லையா? வேறு எவருக்கேனும் வாய்ப்பு மறுக்கப்பட்டதா என்ற கேள்வி எழவில்லை.

இக்காலத்தின் மற்றொரு பங்களிப்பு ஆய்வாளர்களால் அதிகம் கவனிக்கப்படாதது. சென்னை மாகாணப் பொதுப்பணித்துறை ‘மெட்ராஸ் டீட்டெயில்டு ஸ்டாண்டர்டு ஸ்பெசிஃபிகேஷன்ஸ்’ என்னும் பெருந்தொகுப்பை உருவாக்கி, அதன் முகப்புப் பகுதியை ஒப்பந்தங்களின் அங்கமாக்கியது. மண் வெட்டுதல் முதல் சுண்ணாம்புக் காரை வரை ஒவ்வொரு வேலையும் எவ்வாறு செய்யப்பட வேண்டும் என்பது அதில் வரையறுக்கப்பட்டது. இதனுடன் விலைவிகிதப் பட்டியலும் சேர்ந்தது. இவை பொறியியல் ஆவணங்கள்தாம்; ஆனால் போட்டி என்பதே இவற்றின் மேல்தான் நிற்கிறது. இருவர் ஒரே சுவரைப் பற்றி விலை சொல்கிறார்கள் என்ற உறுதி இல்லாதபோது எவர் விலை குறைவு என்ற கேள்விக்குப் பொருளில்லை. 1956இல் மலபார் சென்னையிலிருந்து பிரிந்த பின்னரும் கேரளப் பொதுப்பணித்துறை இத்தொகுப்பை நெடுங்காலம் பின்பற்றியதே அதன் பயனுக்குச் சான்று.

அதே மலபாரின் கண்ணூர் அரசு மருத்துவமனைக்குப் பால் வழங்கும் ஒப்பந்தம்தான் சமத்துவக் கேள்வியை முதலில் கிளப்பியவற்றுள் ஒன்று. ஒருவரின் புள்ளி ஏற்கப்பட்டு, பின்னர் கூட்டுறவுச் சங்கத்திற்கே வழங்குவது என்ற அரசின் கொள்கையால் அது இரத்துச் செய்யப்பட்டது. பாதிக்கப்பட்டவர் அரசமைப்பின் 14ஆம் உறுப்பின் கீழ் முறையிட்டார். அச்சுதன் எதிர் கேரள அரசு என்ற அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம், அரசுடனான ஒப்பந்தம் தனியாருடனான ஒப்பந்தத்திலிருந்து வேறுபட்டதன்று என்றும், ஒருவரை விட்டு மற்றொருவரைத் தேர்வதால் மட்டும் சமத்துவம் மீறப்படவில்லை என்றும் கூறியது. கடைக்காரர் தமக்குப் பிடித்தவரிடம் பால் வாங்குவதும் அரசு வாங்குவதும் ஒன்றாகவே கருதப்பட்டன.

சந்தானம் குழு கேட்டறிந்தது

1962இல் அமைக்கப்பட்டு 1964இல் அறிக்கை அளித்த ஊழல் தடுப்புக் குழுவின் தலைவர் கே. சந்தானம். தஞ்சை மாவட்டத்தைச் சேர்ந்த இவர் அரசமைப்பு நிர்ணய சபை உறுப்பினராகவும் இரயில்வே இணை அமைச்சராகவும் இருந்தவர். அரசு பெருமளவில் வாங்கும் துறை ஒன்றை உள்ளிருந்து கண்டவர். கட்டுமானம், கொள்முதல், விற்பனை ஆகிய ஒப்பந்தங்களில் ஒரு குறிப்பிட்ட விழுக்காடு வழக்கமாகத் தரப்பட்டு, அலுவலர்களிடையே ஒப்புக்கொண்ட விகிதத்தில் பங்கிடப்படுகிறது என்று சாட்சிகள் பலர் கூறியதை அவ்வறிக்கை பதிவு செய்தது. பொதுப்பணித்துறைக் கட்டுமானங்களில் அது 7 முதல் 11 விழுக்காடு வரை என்று குழுவிடம் சொல்லப்பட்டது.

இந்த எண்ணைக் காட்டிலும் அறிக்கை பயன்படுத்திய ‘வழக்கமாக’ என்ற சொல்லே கவனத்துக்குரியது. தனிமனிதக் குற்றமாக எண்ணப்பட்டது அலுவலக நடைமுறையாகவே நிலைபெற்றிருந்தது. குழுவின் பரிந்துரையால் 1964இல் மத்தியக் கண்காணிப்பு ஆணையம் தோன்றியது. கட்டுமானங்களைச் சோதிக்க 1957இல் உருவாக்கப்பட்டிருந்த தலைமைத் தொழில்நுட்பத் தணிக்கையாளர் அமைப்பு அதன்கீழ் வந்தது. இதன்பின் ஒப்பந்தப்புள்ளி விதிகளை எழுதும் கைகளுள் கண்காணிப்பாளரின் கையும் ஒன்றாயிற்று. மிகக்குறைந்த விலைக்காரரைத் தேர்ந்த அதிகாரியிடம் எவரும் காரணம் கேட்பதில்லை. அவரைத் தாண்டிச் சென்றவர் பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டும். குறைந்த விலையே நேர்மையின் அடையாளமாக மாறியதற்குச் சிக்கனம் ஒரு பாதிக் காரணம் என்றால், தணிக்கை அச்சம் மறுபாதி எனலாம்.

விமான நிலையச் சிற்றுண்டிச்சாலை

அச்சுதன் வழக்கின் நிலைப்பாடு இருபது ஆண்டுகளில் கவிழ்ந்தது. 1974இல் எருசியன் வழக்கு, கேட்காமல் ஒருவரைக் கருப்புப்பட்டியலில் சேர்க்கக் கூடாது என்றது. 1979 மே மாதத்தில் வந்த ரமணா தயாராம் ஷெட்டி எதிர் பன்னாட்டு விமான நிலைய ஆணையம் என்ற தீர்ப்பு இவ்வரலாற்றின் நடுக்கல்லாகும்.

1977 ஜனவரியில் பம்பாய் விமான நிலையத்தில் ஓர் இரண்டாம் தர உணவகமும் இரு சிற்றுண்டிச்சாலைகளும் நடத்த ஆணையம் ஒப்பந்தப்புள்ளி கோரியது. பதிவுபெற்ற இரண்டாம் தர உணவக உரிமையாளராகவும் குறைந்தது ஐந்தாண்டு அனுபவம் உள்ளவராகவும் இருப்போர் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்பது நிபந்தனை. ஆறு புள்ளிகள் வந்தன. மாதம் 6,666.66 ரூபாய் உரிமக் கட்டணம் தருவதாகச் சொன்னவரே முதலிடத்தில் நின்றார். ஆனால் அவர் நடத்தியிருந்தவை உணவு வழங்கும் கேன்டீன்கள். நிபந்தனை கேட்ட பதிவு அவரிடம் இல்லை. ஆணையம் அவருக்கே வழங்கியது. ஆணையத்தின் வாதம் எளியது: எந்தப் புள்ளியையும் ஏற்கவோ தள்ளவோ உரிமை உண்டு என்று அறிவிப்பிலேயே எழுதியிருக்கிறது, நிபந்தனை தன் வசதிக்காக எழுதப்பட்டதேயன்றி எவரையும் கட்டுப்படுத்த அன்று.

வழக்குத் தொடுத்தவர் யார் என்பதே இங்கு முக்கியம். அவர் ஒப்பந்தப்புள்ளி அளித்தவர் அல்லர். நிபந்தனை தம்மை விலக்குகிறது என்று நம்பி ஒதுங்கி நின்றவர். நிபந்தனையைப் பொருட்படுத்த மாட்டார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் தாமும் புள்ளி அளித்திருப்பேன் என்பதே அவரது குறை. பி. என். பகவதி எழுதிய தீர்ப்பு இந்தக் குறையை ஏற்றது. தான் வகுத்துக்கொண்ட அளவுகோலுக்கு நிர்வாகம் தானே கட்டுப்பட்டது. அரசு வழங்கும் ஒப்பந்தமும் உரிமமும் செல்வத்தின் புதிய வடிவங்கள் என்பதால், அவற்றைப் பங்கிடும்போது 14ஆம் உறுப்பு உடன் நிற்கிறது. கண்ணூர்ப் பால் வழக்கைத் தீர்ப்பு விவாதித்துத் தன் வழியிலிருந்து ஒதுக்கி வைத்தது.

எனினும் முறையீட்டாளருக்கு எதுவும் கிடைக்கவில்லை. ஐந்து மாதங்களுக்கு மேல் தாமதித்து வந்தார். அதற்குள் ஒப்பந்தம் பெற்றவர் ஏறத்தாழ 1,25,000 ரூபாய் செலவிட்டிருந்தார். வழக்குக்குப் பின்னால் வேறொருவரின் நலன் இருப்பதாகவும் நீதிமன்றத்துக்குத் தோன்றியது. நிபந்தனை மீறப்பட்டது உண்மை, ஆனால் ஒப்பந்தம் நிற்கட்டும் என்று முடிந்தது. இத்தீர்ப்பை மேற்கோள் காட்டும் பல நூல்கள் இந்த இரண்டாம் பகுதியை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. கொள்கையளவில் வென்றவர் கைவீசித் திரும்பியது தற்செயலான விவரம் அன்று. பிற்கால வழக்குகள் பலவற்றில் இதே காட்சி மீண்டும் வருகிறது.

அழைப்பின் வாசகம் யாருடையது

1994இல் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் செல்பேசிச் சேவை உரிமம் வழங்கியதைப் பற்றிய டாடா செல்லுலார் வழக்கு தீர்ப்பாயிற்று. நீதிமன்றம் மேல்முறையீட்டு மன்றமாக அமர்வதில்லை. முடிவின் தகுதியை அன்றி முடிவெடுத்த முறையையே ஆராயும் என்ற அதன் வரையறை இன்றளவும் ஒவ்வொரு வழக்கிலும் எடுத்தாளப்படுகிறது. அவ்வரையறையின் நடுவே ஒரு கூற்று இருந்தது: ஒப்பந்தப்புள்ளிக்கான அழைப்பின் நிபந்தனைகள் ஒப்பந்தத்தின் எல்லைக்குட்பட்டவை ஆதலால் அவை நீதிமன்ற ஆய்வுக்கு உரியவை அல்ல.

ரமணா தீர்ப்புடன் வைத்து நோக்கினால் இதன் பொருள் விளங்கும். எழுதிய நிபந்தனையை மீறக் கூடாது என்றது 1979. நிபந்தனையை எழுதுவது அரசின் உரிமை என்றது 1994. இரண்டும் முரண்பட்டவை அல்ல. ஆனால் ஒரு நிர்வாகி இரண்டையும் சேர்த்துப் படித்தால், பின்னர் மீறுவதைவிட முன்னரே வேண்டியவாறு எழுதிவிடுவது பாதுகாப்பானது என்ற பாடம் அவருக்குக் கிடைக்கும்.

1998: சுற்றறிக்கையிலிருந்து சட்டத்திற்கு

1996 ஆட்சி மாற்றத்திற்குப் பின் அரசுக் கொள்முதல்கள் தொடர்பான வழக்குகள் தமிழ்நாட்டின் அரசியல் பேச்சில் மையமாக இருந்தன. அச்சூழலில் 1998ஆம் ஆண்டின் 43ஆம் சட்டமாகத் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இயற்றப்பட்டது. அதுவரை துறை நடைமுறை நூல்களிலும் அரசாணைகளிலும் இருந்தவை சட்டமன்றத்தின் கட்டளையாயின. இந்தியாவில் இவ்வகையில் முதலாவது சட்டம் இதுவே. கர்நாடகம் அடுத்த ஆண்டு பின்தொடர்ந்தது. இதன்கீழ் 2000ஆம் ஆண்டில் விதிகள் வந்தன. மாநில, மாவட்ட ஒப்பந்தப்புள்ளி இதழ்கள் ஏற்பட்டன. இரண்டு கோடி ரூபாய் வரையிலான புள்ளிகளுக்குக் குறைந்தது 15 நாளும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாளும் அவகாசம் தரப்பட வேண்டும். அதைக் குறைக்க வேண்டுமாயின் கோரும் அதிகாரிக்கு மேலுள்ளவர் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும்.

சட்டத்தின் இதயம் 10ஆம் பிரிவு. ஆவணத்தில் குறித்த, அளவிடத்தக்க காரணிகளின் அடிப்படையில் கண்டறியப்பட்ட மிகக்குறைந்த புள்ளியை ஏற்கும் அதிகாரி ஏற்றாக வேண்டும். அதுவும் சந்தை விலையைவிட அல்லது விலைவிகிதப் பட்டியலைவிட உயர்ந்திருந்தால் அவருடன் மட்டும் விலைக்குறைப்புப் பேசலாம். ஏறத்தாழ இதே வேளையில், 1998 நவம்பர் 18ஆம் நாள், என். விட்டல் தலைமையிலான மத்தியக் கண்காணிப்பு ஆணையம் மிகக்குறைந்த விலைக்காரர் தவிர வேறெவருடனும் உறை திறந்தபின் பேரம் பேசுவதைத் தடைசெய்தது. இரண்டாம், மூன்றாம் இடத்தவரை அறைக்கு அழைத்து ‘இறங்கி வாருங்கள்’ என்று பேசி வரிசையை மாற்றும் பழைய வித்தைக்கு இவ்வாறு இரு முனைகளிலிருந்தும் பூட்டு விழுந்தது.

இது சிறிய சாதனை அன்று. உறை திறந்த நொடியிலிருந்து ஏற்பாணை வரையிலான பாதை ஏறக்குறைய முழுவதும் விதிக்குள் வந்தது. மிச்சமிருந்தது உறை எழுதப்படுவதற்கு முந்திய பாதை.

தகுதி என்னும் வாயில்

இரு உறை முறையில் முதல் உறை தகுதியைச் சொல்கிறது; அது தேறினாலன்றி விலை உறை திறக்கப்படுவதில்லை. தரமற்ற ஒப்பந்ததாரர் மிகக்குறைந்த விலை சொல்லி வேலையைப் பாதியில் விடுவதைத் தடுக்க இது தேவை என்பதை மறுக்க இயலாது. ஆனால் வாயிலின் அகலத்தை யார் தீர்மானிப்பது? இக்கேள்வியைக் கண்காணிப்பு ஆணையமே எழுப்பியது. தகுதி நிபந்தனைகள் சில இடங்களில் மிகக் கடுமையாகவும் சில இடங்களில் மிகத் தளர்வாகவும் இருந்ததைச் சுட்டி, 2002 டிசம்பர் 17ஆம் நாள் அதன் தொழில்நுட்பப் பிரிவு அளவுகளைப் பரிந்துரைத்தது. மதிப்பீட்டில் 30 விழுக்காடு அளவுக்கு மூன்றாண்டுச் சராசரி வருவாய். கடந்த ஏழு ஆண்டுகளில் 40 விழுக்காட்டு மதிப்பில் மூன்று ஒத்த பணிகள், அல்லது 50 விழுக்காட்டில் இரண்டு, அல்லது 80 விழுக்காட்டில் ஒன்று. பத்துக் கோடி ரூபாய்ப் பாலம் கட்ட முன்வருபவர் எட்டுக் கோடியில் ஒன்று அல்லது நான்கு கோடியில் மூன்று கட்டியிருந்தால் போதும். ‘ஒத்த பணி’ என்றால் என்ன என்பதை அழைப்பவரே வரையறுக்கிறார். கதவின் கீல் அங்கேதான் இருக்கிறது. ஐந்து சாலைகளை ஒரே தொகுப்பாக்கினால் இந்த விழுக்காடுகள் மாறாமலே சிறு ஒப்பந்ததாரர் அனைவரும் வெளியேறிவிடுவர்.

நீதிமன்றங்கள் இவ்வாயிலில் பெரும்பாலும் ஒதுங்கியே நின்றன. கர்நாடக அரசுப் போக்குவரத்துக் கழகம் டயர் வாங்கியபோது, வாகன உற்பத்தியாளர்களுக்கு நேரடியாக வழங்கிய அனுபவம் வேண்டும் என்று விதித்தது. அதனால் விலக்கப்பட்ட நிறுவனம் தொடுத்த மிச்சிகன் ரப்பர் வழக்கில், 2012இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனையை நிலைநிறுத்தியது. பயணிகளின் பாதுகாப்பைக் கருதினால் அம்முடிவுக்கு நியாயம் உண்டு. எனினும் நிபந்தனை வகுப்பதில் அரசுக்கு மிகுந்த சுதந்திரம் உண்டு என்ற அதன் பொதுக்கூற்று, டயரோடு தொடர்பற்ற வழக்குகளிலும் பயணம் செய்கிறது.

வாயில் குறுகினால் உள்ளே நடப்பது என்ன என்பதற்கு 2009ஆம் ஆண்டு இந்திய உணவுக் கழகம் தானியக் காப்புக்கான அலுமினியம் பாஸ்பைடு மாத்திரைகளுக்குக் கோரிய ஒப்பந்தப்புள்ளி ஓர் எடுத்துக்காட்டு. அதை உற்பத்தி செய்தவை நாட்டில் நான்கே நிறுவனங்கள். அவற்றுள் மூன்றின் உறைகளில் ஒரே விலை: 388 ரூபாய். கூட்டுச்சதி என்ற முடிவையும், 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின்கீழ் விதித்த தண்டனை முன்பே அளவில் குறைக்கப்பட்டிருந்ததையும் 2017இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. இங்கே வாயிலைக் குறுக்கியது நிபந்தனை அன்று, சந்தையே. ஆயினும் உறை திறப்பு விதிகள் அனைத்தும் சரியாகப் பின்பற்றப்பட்ட பின்னும் போட்டி இல்லாமற்போகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மேல்முறையீடு தொடங்கும் இடம்

ஒன்றிய அளவில் பொதுக் கொள்முதலுக்கான சட்டமுன்வடிவு 2012 மே மாதம் மக்களவையில் அறிமுகமாகி, 2014இல் அவை கலைந்தபோது காலாவதியானது. அங்கு இன்றும் 1947, 1963, 2005, 2017 எனத் திருத்தமுற்றுவந்த பொது நிதி விதிகளே ஆள்கின்றன. 2021 அக்டோபர் 29ஆம் நாள் நிதியமைச்சகம் வெளியிட்ட அறிவுறுத்தல்கள், மிகக்குறைந்த விலை முறையின் குறைகளை ஒப்புக்கொண்டு, தரம் முதன்மையெனத் தகுந்த அதிகாரி அறிவித்த கட்டுமானப் பணிகளில் தரத்துக்கு 30 விழுக்காடு வரை மதிப்பளிக்க இடம் தந்தன. பூட்டிய விருப்புரிமைக்கு ஒரு சன்னலைத் திறந்த செயல் இது. அந்தத் தர மதிப்பெண்களை எவ்வாறு பிரிப்பது என்பதும் அழைப்பு ஆவணத்திலேயே எழுதப்படுகிறது.

தமிழ்நாட்டுச் சட்டத்தின் 11ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு வழி செய்கிறது. 10ஆம் பிரிவின்கீழ் ஏற்கும் அதிகாரி பிறப்பித்த ஆணையால் குறையுற்ற ‘ஒப்பந்தப்புள்ளியாளர்’ அரசிடம் முறையிடலாம். இரு சொற்றொடர்களும் உற்று நோக்கத்தக்கவை. முறையீடு ஏற்பாணைக்குப் பின்னரே பிறக்கிறது. உரியவர் புள்ளி அளித்தவரே. நிபந்தனையைப் படித்து ஒதுங்கியவர் இச்சட்டத்தின் கண்ணில் யாரும் அல்லர். 1977இல் பம்பாயில் ஒதுங்கி நின்று பின்னர் வழக்குத் தொடுத்தவரைப் போன்ற ஒருவருக்கு இன்று எஞ்சியிருப்பது அரசமைப்பின் 226ஆம் உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றம். அங்கே அவருக்கு முன்பாகவே டாடா செல்லுலாரும் மிச்சிகன் ரப்பரும் போய் அமர்ந்திருக்கின்றன.